நான்கு போல்ட்டுகள்

இரவு ஒன்றே முக்கால். ஊரை விட்டு விலகி ஓடும் சுற்றுச் சாலை. ஒரு பக்கம் மூடிப்போன மரக்கடை. மறுபக்கம் வெற்று நிலம். விளக்குக் கம்பங்கள் வரிசையாக நின்றன. எரிந்தது ஒன்றுதான். அதன் கீழே ஒரு தகரக் கொட்டகை. கொட்டகைக்குள் ஓர் இழுவை வண்டி... நின்றுபோன வண்டிகளைக் கொக்கி மாட்டித் தூக்கிக்கொண்டு போகுமே, அது.

நடந்தது என் நண்பனின் சித்தப்பாவுக்கு. நண்பன் கல்லூரியில் என்னோடு ஒரே அறையில் இருந்தவன். கதை கட்டத் தெரியாதவன்.

நான் இதைச் சொன்ன இரவில் எங்கள் கட்டிடத்தில் மின்சாரம் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. வீட்டுக்குள் புழுக்கம். ஐந்து பேர் மாடிப்படியில் நெருக்கி உட்கார்ந்திருந்தோம். கீழ் வீட்டுத் தையல்காரர், எதிர் வீட்டு நர்ஸ், மேல் மாடியில் இருக்கும் இரண்டு கல்லூரிப் பெண்கள், நான். நடுவில் ஒரு மெழுகுவர்த்தி.

“கடன் கதையா, பேய்க் கதையா? மொதல்லயே சொல்லிடுங்க தம்பி” என்றார் தையல்காரர்.

“ரெண்டும்தான்.”

“அப்ப நான் செவுத்துப் பக்கம் உக்காந்துக்கறேன்.”

பெண்கள் சிரித்தார்கள். அவர் உண்மையாகவே இடம் மாறினார்.

சித்தப்பாவை எல்லோரும் கொக்கி என்றுதான் கூப்பிடுவார்கள். தவணை கட்டாதவர்களின் வண்டியைத் தூக்குவது அவர் தொழில். கடன் கொடுத்தவர்கள் பட்டியல் தருவார்கள். இவர் இரவில் போய் இழுத்து வருவார். இருபது வருடம். கதவைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறவர்களின் விரலில் ஸ்பானரால் அடிப்பார். ஒரு முறை ஒருவரின் தாடை உடைந்தது. அந்த ஆள் எப்படிக் குழறினார் என்று வீட்டில் நடித்துக் காட்டுவாராம்.

பிறகு அவரே ஒரு பெரிய இழுவை வண்டியைக் கடனில் வாங்கினார். வேலை குறைந்தது. தவணை நின்றது. நோட்டீஸ் மேல் நோட்டீஸ். கடைசியில் திவால் மனு போட்டார். வண்டியை ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. மறுநாள் காலை எட்டு மணிக்கு நீதிமன்ற அதிகாரி வருவார்.

நிபந்தனை எளிது. வண்டியில் என்னென்ன இருக்கிறது என்று ஒரு பட்டியல் இருந்தது. பட்டியலில் உள்ள எதுவும் குறையக் கூடாது. உடையக் கூடாது. பட்டியலில் இல்லாத எதுவும் உள்ளே இருக்கக் கூடாது. இதில் ஒன்று தவறினாலும் மனு தள்ளுபடி ஆகும். மனு தள்ளுபடியானால் கடன் ஜாமீன் போட்டவர் தலையில் விழும். ஜாமீன் போட்டிருந்தது சித்தி. அவளிடம் இருந்தது ஒரே ஒரு வீடு. மூன்று அறை. அவள் அம்மா விட்டுப்போனது.

அன்று மாலை சித்தி சொன்னது இதுதான்.

“வண்டியில ஒரு கீறல் விழுந்துச்சுன்னு வை... நீ அப்படியே எங்கயாவது போயிரு. இந்தப் பக்கம் வராத.”

பிறகு தன் தம்பியைப் பார்த்தாள்.

“நீயும் கூடப் போடா. இவர தனியா விட்டா பாதியில குறட்டை விட்டுருவாரு.”

தம்பிக்குப் போக விருப்பமில்லை. அக்கா சொன்னதால் போனான். ஆறு வருடமாக அவன்தான் கொக்கிக்கு வண்டி ஓட்டினான்.

வண்டியைச் சுத்தம் செய்யும் வேலையைப் பகலில் செய்திருக்கலாம். ஆனால் வண்டிக்குள் இருந்ததைப் பகலில் வெளியே எடுக்க முடியாது. தூக்கிவந்த வண்டிகளில் இருக்கும் சாமான்களைக் கணக்கெடுத்து உரியவரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். கொக்கி ஒரு நாளும் கொடுத்ததில்லை. விலை போவதை விற்றார். மற்றதை வண்டியின் பக்கப் பெட்டிகளில் வீசினார். அதிகாரி அதைப் பார்த்தால் திருட்டு வழக்கு.

முதலில் கேபினைச் சுத்தம் செய்தார்கள். இரண்டு சாவிகளையும் காகிதங்களையும் ஓர் உறையில் போட்டார்கள். இருக்கைக்கு அடியில் ஓர் இரும்புத் தடி கிடந்தது. அதன் நுனியில் முடி ஒட்டியிருந்தது. மச்சினன் அதைத் தூக்கிக் காட்டினான்.

“மாமா, இது பட்டியல்ல இருக்கா?”

“மூடிட்டு சாக்குல போடுடா.”

பிறகு பெட்டிகள். வண்டியின் இடுப்பில் பக்கத்துக்கு இரண்டாக நான்கு இரும்புப் பெட்டிகள். ஒவ்வொன்றும் இரண்டடி நீளம். ஒன்றரை அடி உயரம், ஒன்றரை அடி ஆழம். நான்கு போல்ட்டில் வண்டியோடு பொருந்தியிருக்கும்.

முதல் பெட்டியில் பள்ளிக்கூடப் பை. ஒற்றைச் செருப்பு. எக்ஸ்ரே உறை. இரண்டாவதில் குடைகள், ஒரு பால் புட்டி, மூக்குக் கண்ணாடிகள். மூன்றாவதில் ஒரு டப்பா. மச்சினன் திறந்தான். பல்செட்.

“பல்லைக்கூடவா மாமா தூக்குனீங்க?”

“கழட்டி வண்டியில வச்சுட்டு எறங்குனா அதுக்கு நானா பொறுப்பு?”

இரண்டு பேரும் சிரித்தார்கள். தகரக் கூரையில் சிரிப்பு எதிரொலித்தது. பன்னிரண்டு சாக்கு நிறைந்தது. மச்சினன் வாயைக் கட்டி ஒவ்வொன்றாகச் சுவரோரம் அடுக்கினான்.

நான்காவது பெட்டி காலியாக இருந்தது. அடியில் மட்டும் கொஞ்சம் கண்ணாடித் தூள். மச்சினன் பிரஷ்ஷால் வாரி எடுத்தான். டார்ச் அடித்துப் பார்த்தான். தூள் இருந்தது. மறுபடி வாரினான். க்ரிச்... க்ரிச்... என்று சத்தம். ஒரு முறம் நிறைய வந்தது. மறுபடி டார்ச். தூள் இல்லை. இப்போது சில்லுகள். விரல் நீளம்.

“யாரு மாமா இதுல கண்ணாடி போட்டது?”

கொக்கி மூக்கை உறிஞ்சினார். அவருக்கு வாசனை வந்துவிட்டது. ஜன்னல் சட்டத்தில் கண்ணாடியைப் பதிக்க எண்ணெய் விட்டு மாவு பிசைவார்களே... அந்த எண்ணெய். காறல் வாடை. அது பெட்டிக்குள்ளிருந்து வந்தது.

அவருக்கு யார் என்று தெரியும்.

பதினான்கு மாதம் முன்பு. மழை. பூட்டிய கடை வாசலில் ஒரு சின்ன வேன் நின்றது. கண்ணாடி வெட்டுகிறவரின் வேன். ஏழு தவணை பாக்கி. வண்டி தூக்கும் தொழிலில் ஒரு முறை இருக்கிறது. கொக்கியை மாட்டு, தூக்கு, கிளம்பு. உள்ளே எட்டிப் பார்க்காதே. பார்க்கும் நேரத்தில் சொந்தக்காரன் ஓடி வந்துவிடுவான். மூன்று கிலோமீட்டர் தாண்டிய பிறகுதான் நிறுத்த வேண்டும்.

அப்படித்தான் செய்தார்கள். மச்சினன் ஓட்டினான். ஒரு கிலோமீட்டர் போனதும் பின்னாலிருந்து சத்தம். தகரத்தில் தட்டுவது போல. மூன்று தட்டு. நிறுத்தம். மூன்று தட்டு.

“உள்ள ஏதோ தட்டுது மாமா.”

“சாமான் ஆடுதுடா. பாட்டக் கூட்டு.”

மச்சினன் பாட்டைக் கூட்டினான்.

இந்தக் கொட்டகையில்தான் பின்கதவைத் திறந்தார்கள். அந்த மனிதர் வேனுக்குள் தூங்கியிருக்கிறார். வீட்டு வாடகை கட்ட முடியாமல் சில நாட்களாக அங்கேதான் படுக்கை. முன்பக்கத்தைத் தூக்கியபோது சட்டத்தில் அடுக்கியிருந்த கண்ணாடிகள் சரிந்தன. எட்டுத் தகடு. எல்லாம் அவர் மேல். வயிற்றிலும் தொடையிலும் கழுத்திலும். வலது கை மட்டும் வெளியே. தட்டித் தட்டி விரல் முட்டியில் தோல் போய் எலும்பு தெரிந்தது. திறந்தபோது உயிர் இருந்ததா என்று நண்பன் கேட்டானாம். கொக்கி சொல்லவில்லை.

அவர்கள் அந்த வேனை மழையோடு மழையாக இழுத்துப்போய் ஒரு பள்ளத்தில் உருட்டிவிட்டார்கள். ஓட்டத் தெரியாமல் விழுந்தார் என்று போலீஸ் விசாரணை முடிந்தது. அவருடைய கருவிப் பெட்டியை மட்டும் கொக்கி எடுத்துக்கொண்டார். வைர முனைக் கத்தி நல்ல விலைக்குப் போகும். விற்கும் வரை அது இருந்தது நான்காவது பக்கப் பெட்டியில்.

தையல்காரர் தொண்டையைச் செருமினார்.

“போதும்னா நிறுத்திக்கறேன்” என்றேன்.

“இல்ல இல்ல... மேல சொல்லுங்க. பாதியில விட்டா படுக்க முடியாது.”

“வுடுடா, நான் பாத்துக்கறேன்” என்று கொக்கி மச்சினனை விலகச் சொன்னார். ஆனால் அவன் குனிந்துவிட்டான். அதிகாரி விரலால் தடவிப் பார்ப்பார் என்று மூலையில் இருந்த சில்லை எடுக்கக் கையை உள்ளே விட்டான். ஒன்றரை அடி ஆழப் பெட்டி. கை தோள் வரை போனது.

அவன் முதலில் சிரித்தான்.

“மாமா, அடியே தட்டுப்படல.”

பிறகு முகம் தகட்டில் மோதியது. யாரோ உள்ளேயிருந்து வெடுக்கென்று இழுத்தது போல. மூக்கு உடைந்து இரத்தம் வந்தது. அவன் கத்தினான். கொக்கி அவன் இடுப்பைப் பிடித்து இழுத்தார். காலை வண்டியில் ஊன்றி முழு பலத்தோடு இழுத்தார். இழுக்க இழுக்க அவன் உள்ளே போனான். தோள்பட்டை எலும்பு உடைந்த சத்தம் கேட்டது. பச்சைக் கிளையை ஒடிப்பது போல என்று கொக்கி சொன்னாராம். பெட்டியின் அடியில் தண்ணீர் வடிய ஓர் ஓட்டை உண்டு. அதிலிருந்து இரத்தம் நூலாக இறங்கியது.

“வெட்டு மாமா! பொட்டிய வெட்டு!”

பூட்டையும் சங்கிலியையும் அறுக்க அவர்களிடம் ஒரு கட்டிங் மெஷின் இருந்தது. இரும்பை அறுக்கும் வட்டச் சக்கரம். கொக்கி அதை ஓடவிட்டார். பெட்டியின் பக்கத் தகட்டுக்கு அருகே கொண்டுபோனார். ஒரு நிமிட வேலை. தகடு பிளந்தால் கை வெளியே வந்துவிடும்.

சக்கரத்துக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி. அங்கேயே பிடித்திருந்தார். சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது.

‘பக்கப் பெட்டி நான்கு. சேதமில்லை.’ பட்டியலில் அப்படி எழுதியிருந்தது.

மெஷினை நிறுத்தினார்.

“டேய், ஒரு நிமிஷம் பொறுத்துக்கடா... போல்ட்டக் கழட்டிடறேன். நாலே நாலு போல்ட்டு. கழட்டுனா பொட்டி மொத்தமா வந்துரும்.”

கழற்றிய போல்ட்டைத் திரும்ப மாட்டிவிடலாம். வெட்டிய தகட்டை ஒட்ட முடியாது. அவர் அப்படித்தான் யோசித்தார். ஸ்பானரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் நுழைந்தார்.

முதல் போல்ட் துருப்பிடித்திருந்தது. எண்ணெய் விட்டுத் திருக வேண்டியிருந்தது. தலைக்கு மேலே மச்சினன் கதறிக்கொண்டிருந்தான். வார்த்தை எதுவும் இல்லை. மல்லாந்து படுத்திருந்த கொக்கியின் முகத்தில் இரத்தம் சொட்டியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு திருகினார். முதல் போல்ட் கழன்றது.

இரண்டாவது போல்ட். மேலே விலா எலும்புகள் ஒவ்வொன்றாக... பெட்டியின் வாய் ஒன்றரை அடிதான். ஒரு ஆள் நுழைய வேண்டுமானால் எங்காவது உடைய வேண்டும். உடைந்தது. மச்சினனின் கால்கள் தரையை உதைத்தன. கொக்கியின் விலாவிலும் உதைத்தன. பிறகு தரையை விட்டு மேலே எழும்பின.

ஊருக்குப் போயிருந்த என் மனைவி அன்று இருந்திருந்தால் இந்த இடத்தில் நிறுத்தச் சொல்லியிருப்பாள். மாடிப்படியில் யாரும் சொல்லவில்லை. நான் தொடர்ந்தேன்.

மூன்றாவது போல்ட். கதறல் நின்றது. மூச்சு வாங்கும் சத்தம் மட்டும். பிறகு மச்சினன் பேசினான். சாதாரணக் குரல். வீட்டுக்குள் நுழைந்து பார்த்துவிட்டுச் சொல்வது போல.

“மாமா... உள்ள எடம் இருக்கு. நெறைய எடம் இருக்கு.”

கொக்கி ஸ்பானரை நான்காவது போல்ட்டில் வைத்தார். அது இரண்டு முறை வழுக்கியது. விரல் முட்டி வண்டியின் அடிச்சட்டத்தில் அடிபட்டுத் தோல் உரிந்தது. திருகினார். போல்ட் கழன்றது. பெட்டி டங்கென்று தரையில் விழுந்தது. காலி டப்பா விழும் சத்தம்.

வெளியே வந்து பார்த்தார். கொட்டகையில் யாரும் இல்லை. பெட்டிக்குள் டார்ச் அடித்தார். காலி. ஈரம்கூட இல்லை. கண்ணாடித் தூளும் இல்லை. வாசனையும் இல்லை. ஆனால் தரையெல்லாம் இரத்தம். பெட்டியின் விளிம்பில் நான்கு நகங்கள் ஒட்டியிருந்தன. வேரோடு.

அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பெட்டியைத் தட்டினார். புரட்டிப் போட்டார். தலைகீழாகத் தூக்கி உலுக்கினார். ஒன்றும் விழவில்லை.

மணி மூன்று இருபது.

பிறகு அவர் பெட்டியைத் தூக்கி இடத்தில் வைத்தார். நான்கு போல்ட்டையும் முடுக்கினார்.

“அட பாவி!” என்றாள் நர்ஸ்.

நண்பனும் அதையேதான் சொன்னானாம். கொக்கி அவனைப் பார்த்து, “எட்டு மணிக்கு அதிகாரி வந்துருவாரேடா... வேற என்ன பண்ணச் சொல்ற?” என்றாராம்.

நகங்களைச் சாக்கில் போட்டார். குழாயைத் திறந்துவிட்டுத் தரையைக் கழுவினார். வண்டியைக் கழுவினார். பெட்டிகளைத் துணியால் துடைத்தார். சாக்குகளைக் கொண்டுபோய் மரக்கடைக்குப் பின்னால் போட்டுக் கொளுத்தினார். விடிந்தபோது வண்டி புதிது போல நின்றது.

அதிகாரி சரியாக எட்டு மணிக்கு வந்தார். கையில் பட்டியல். கேபின், டயர், தூக்கும் கொக்கி, இரும்பு வடம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். பெட்டிகளைத் திறந்தார். ஒன்று, காலி. இரண்டு, காலி. மூன்று, காலி. நான்காவதில் கையை விட்டுத் துழாவினார். கொக்கி சுவரைப் பிடித்துக்கொண்டார். அதிகாரி கையை வெளியே எடுத்து விரல்களைப் பார்த்தார். சுத்தம்.

“இப்படி யாரும் ஒப்படைச்சதில்லங்க” என்றார். “வழக்கமா நாங்களே சாக்கு வச்சுத் தொடச்சுத்தான் எடுத்துட்டுப் போவோம்.”

கையெழுத்துப் போட்டார். வண்டி கிளம்பிப் போனது. மனு ஏற்கப்பட்டது. வீடு பிழைத்தது.

“என் தம்பி எங்க?” என்று சித்தி கேட்டாள். இரவே கிளம்பிவிட்டான் என்றார் கொக்கி. இரண்டு நாள் நம்பினாள். மூன்றாம் நாள் போலீஸுக்குப் போனாள். அவர்கள் கொட்டகையைப் பார்த்தார்கள். மரக்கடைக்குப் பின்னால் சாம்பலைக் கிளறினார்கள். தம்பியைப் பற்றித் துப்பு ஒன்றும் கிடைக்கவில்லை. பத்து நாள் கழித்துக் கொக்கி எல்லாவற்றையும் சித்தியிடமும் நண்பனிடமும் சொன்னார். சித்தி அடித்தாள். கையில் கிடைத்ததையெல்லாம் எடுத்து அடித்தாள். அவர் தடுக்கவில்லை. இடது கண் போனது. அன்று வீட்டை விட்டுப் போனவர் எங்கே என்று தெரியாது.

“அந்தப் பொட்டிய யாரும் திரும்பத் தெறந்து பாக்கலையா?” மேல் மாடிப் பெண்களில் ஒருத்தி கேட்டாள்.

பார்த்தார்கள். பறிமுதல் வண்டிகளை நிறுத்தும் மைதானத்துக்குச் சித்தி போலீஸோடு போனாள். நான்காவது பெட்டியைத் திறக்கச் சொன்னாள். தலையை உள்ளே விட்டுக் கூப்பிட்டாள். பிறகு வெட்டச் சொன்னாள். அது இனி நீதிமன்றச் சொத்து, தொடக் கூடாது என்றார்கள். நான் பணம் தருகிறேன், வீட்டை எழுதித் தருகிறேன் என்றாள். இரண்டு பெண் காவலர்கள் அவளை வெளியே இழுத்து வந்தார்கள்.

அதன் பிறகு தபாலில் ஒரு சீட்டு வந்தது. மைதானத்துக்குள் வரும் ஒவ்வொரு வண்டியையும் எடை மேடையில் ஏற்றி எடை போடுவார்கள். சீட்டின் நகல் பழைய சொந்தக்காரருக்கு வரும். ஒப்படைத்த நாளின் சீட்டு அது. சித்தி அதை வீட்டிலிருந்த பதிவுச் சான்று நகலோடு வைத்துப் பார்த்தாள். காலி வண்டியின் எடையை விட எழுபது கிலோ அதிகம்.

தம்பி ஓட்டுநர் உரிமம் எடுக்கும்போது மருத்துவர் கொடுத்த சான்றிதழ் வீட்டில் இருந்தது. எடை, எழுபது.

அடுத்த மாதம் ஏலத்துக்கு முன் மறுபடி எடை போட்டார்கள். அந்தச் சீட்டும் வந்தது. இப்போது ஐம்பத்தைந்து கிலோ அதிகம்.

“டீசல் கொறைஞ்சிருக்கும் தம்பி” என்றார் தையல்காரர்.

“மொத நாளே டேங்க்க வடிச்சுட்டுத்தான் எடை போடுவாங்க. பேட்டரியும் கழட்டிடுவாங்க. எடை மேடைக்குத் தள்ளிட்டுப் போனதத் தவிர வண்டி நின்ன எடத்த விட்டு நகரல.”

“அப்பறம்?”

“ஏலம் தள்ளிப்போச்சு. இன்னும் ரெண்டு மாசம் கழிச்சுத்தான் வித்துச்சு. வெளிய போகும்போது போட்ட சீட்டு போன வாரம் வந்திருக்கு. நாப்பது.”

நர்ஸ் விரல் மடக்கி மாதங்களை எண்ணிக்கொண்டிருந்தாள். அவள் பதினோரு வருடமாகத் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்கிறாள்.

“மூணு மாசம்” என்றாள். “சாப்பாடே இல்லன்னா இத்தனை நாள் தாங்காது.”

பிறகு தாழ்ந்த குரலில் சொன்னாள்.

“உள்ள யாரோ அவருக்கு ஊட்டிட்டு இருக்காங்க. சாகாத அளவுக்கு மட்டும்.”